சைரன் அடித்தால் ஓட வேண்டும்

சைரன் அடித்ததும் வைதோலு ஊரே எழுந்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நடுத்தெருவில் நின்றிருந்த அலாபாதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் கடிகாரம். மேட்டுக் கோயிலைப் பார்த்து ஓட வேண்டிய ஜனங்கள் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார்கள். சற்று நேரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா வீடுகளிலும் ஜெபப் பாட்டு ஆரம்பமாயிற்று.

"ஓடுங்கய்யா! வெள்ளம் வருது! வெள்ளம் வருதுன்னு நெனச்சுக்கங்க!" என்று அலாபாதி ஒலிபெருக்கியில் கத்தினார்.

பாட்டு இன்னும் கொஞ்சம் உரத்தது. அவ்வளவுதான் பலன்.

தெருமுனையிலிருந்து சியாகி வந்தான். மாலை ஜெப நேரத்தில் தெருவில் யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்களில் அவன்தான் பெரியவன். நாற்பது வயது, கதவு மாதிரி முதுகு, குரல் மட்டும் பூனைக்குட்டி.

"அண்ணே, ஜெப நேரத்துல நடுத்தெருவுல நிக்கிறீங்க."

"டேய் சியாகி, இது ஜெபம் இல்லடா. வெள்ள ஒத்திகை!"

"கத்திக்கிட்டு வேற நிக்கிறீங்க."

"நான் இந்த ஊர் மேயர்டா!"

"அதனாலதாண்ணே ஒரு பெட்டி டின் மீன் அபராதத்தோட விடறேன்" என்று சியாகி பணிவாகச் சொன்னான். "மத்தவங்களா இருந்தா ரெண்டு."

ஊரின் மேல் குற்றம் சொல்ல முடியாது. பொழுது சாயும் நேரத்தில் ஏதாவது ஒன்று பலமாகச் சத்தம் போட்டால் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஜெபம் பண்ண வேண்டும் என்பது வைதோலுவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். முன்னோர் காலத்தில் சங்கு ஊதினார்கள். அப்புறம் காலி கேஸ் சிலிண்டரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு இரும்புத் தடியால் அடித்தார்கள். இப்போது அரசாங்கமே பார்த்து நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஃபிலோமெனா தன் காரின் முன்பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். தலைநகர் அப்பியாவில் பேரிடர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். மலைப்பாதையில் மழையில் மாட்டிக்கொண்டு, காலையில் வர வேண்டியவள் மாலையில்தான் வந்து சேர்ந்தாள். அதனால்தான் ஒத்திகை இந்த நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று.

"ஐயா, ஒரு புள்ளிகூட நகரல" என்றாள்.

புள்ளிகள் என்பது வேறொன்றுமில்லை. ஆற்றின் மேல்பக்கம், பள்ளத்தாக்கில், கம்பங்களில் சின்னச் சின்னப் பெட்டிகள் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் ஏறினால் அந்தப் பெட்டிகள் கம்பியில்லாமலே ஒன்றுக்கொன்று சொல்லி, அப்பியாவுக்கும் சொல்லி, ஊரில் இருக்கும் சைரனையும் எழுப்பிவிடும். ஊர் ஜனங்கள் தப்பித்தார்களா என்று தெரிய வேண்டாமா? அதற்காக வீட்டுக்கு ஒரு பில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. பில்லை எங்கே போனாலும் லேப்டாப்பில் ஒரு நீலப் புள்ளி கூடவே போகும்.

இப்போது எல்லா நீலப் புள்ளிகளும் அவரவர் வீட்டில் பக்தியோடு அமர்ந்திருந்தன.

"இன்னும் ரெண்டு தடவை பார்ப்போம்யா" என்றாள் ஃபிலோமெனா. "அதுக்கும் ஜனங்க நகரலன்னா, இருக்கிற ஒரு சைரனை ஓடற ஊருக்குக் குடுங்கன்னு மேலிடத்துல சொல்லிடுவாங்க. அக்கரையில சாலேபுவாவுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சாலேபுவா மேயர் மாசெலினோ, அலாபாதியின் மனைவி சினேவாவின் சொந்த அண்ணன். மச்சானிடம் தோற்பது சாதாரணத் தோல்வி அல்ல. ஞாயிறுதோறும் கோயில் முடிந்து சாப்பிட உட்காரும்போது இலையில் முதலில் அதைத்தான் பரிமாறுவான்.

ஆனால் அது பாதிக் கவலைதான். மீதிப் பாதியை அலாபாதி யாரிடமும் சொன்னதில்லை. போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்தபோது அவர் அப்பியாவில் ஒரு கூட்டத்தில் இருந்தார். சினேவா சின்ன மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் நின்றிருந்தாள். மேஜை மிதந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதன்பிறகு கூரையில் மழை விழுந்தால் அலாபாதி தூங்குவதில்லை. அந்தச் சைரன் ஊரில் இருக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஆசைப்பட்டார்.

"அடுத்த ஒத்திகையைக் காலையில வை, அம்மா" என்றார். "காலையில யாரும் ஜெபத்துக்கு உட்கார மாட்டாங்க."

அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் காலையில் சைரன் அடித்தது. யாரும் ஜெபத்துக்கு உட்காரவில்லை.

ஆண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள். பெண்கள்தான் பதறினார்கள். சேம்பு உரித்துக்கொண்டிருந்தவர்கள், ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். அலாபாதி பூரித்துப்போனார். பில்லையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வருவார்கள் என்று மேட்டுப் படியில் காத்திருந்தார். ஒருத்தியும் வரவில்லை. ஊரெங்கும் துடைப்பச் சத்தம் கேட்டது.

காலையில் பலமாகச் சத்தம் கேட்டால் மாதர் சங்கம் வீடு வீடாகச் சோதனைக்கு வருகிறது என்று அர்த்தம். பாய் சுத்தமாக இருக்கிறதா, தட்டு கழுவியிருக்கிறதா, கக்கூஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து அபராதம் போடுவார்கள். மாதர் சங்கத் தலைவியே தன் வீட்டில் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்ததை அலாபாதி கண்ணால் பார்த்தார். தலைவி வராமல் யார் சோதனை போடுவார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சினேவாவும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றார் அலாபாதி.

"மேயர் வீடு குப்பையாக் கெடந்தா யாருக்கு அசிங்கம்?"

"சைரன் அடிச்சா மேட்டுக்கு ஓடணும்னு நேத்து ராத்திரிகூட உன்கிட்டதானே சொன்னேன்!"

"சொன்னீங்க. ஆனா கை துடைப்பத்தைத் தேடிடுச்சு. நான் என்ன பண்ண?"

அன்று மாலையே மாசெலினோ போன் பண்ணினான்.

"மச்சான், சௌக்கியமா? ஒண்ணுமில்ல, எங்க ஊர்ல சைரன் கம்பத்துக்குக் குழி தோண்டியாச்சு. ஆழம் எவ்வளவுன்னு உங்க ஊர்க் கம்பத்த அளந்து சொன்னீங்கன்னா உபகாரமா இருக்கும்."

அலாபாதி போனை வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய்ப் பன்றிக்குத் தீனி போட்டார். மனசு சரியில்லை என்றால் அவர் அங்கேதான் போவார். அந்தப் பன்றியும் மச்சான் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்தான். கொழுத்த பெண்பன்றி. சேம்புத் தோலென்றால் அதற்கு உயிர். வேலியைப் பிரித்துக்கொண்டு தோப்பு வழியே மேட்டுக்கு ஓடி, பாதிரியாரின் சேம்பு வயலில் மேய்வது அதன் வழக்கம். அதற்காகவும் அலாபாதி சிலமுறை டின் மீன் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் நிதானமாக நடந்தே போய்த்தான் அதை ஓட்டிக்கொண்டு வருவார். அவர் எங்கேயும் நிதானமாகத்தான் போவார். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தாலும் நடந்துதான் போவார். டிரைவர் காத்திருப்பான்.

இனி ஊர்ச் சபையைக் கூட்டாமல் முடியாது என்று தீர்மானித்தார்.

சபையில் மதாய்கள் எல்லாரும் தூணுக்கொருவராகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மதாய் என்றால் குடும்பத் தலைவர், பட்டம் உள்ளவர். பேச்சுக்கென்றே உள்ள மதாய் லேவாசா. கோலை ஊன்றி, நார்ச்சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாரானால் ஊரின் ஒவ்வொரு பட்டத்துக்கும் உரிய மரியாதையைச் சொல்லி, அவரவர் முன்னோரைச் சொல்லி, வந்த பாதையைச் சொல்லி, அதன்பிறகுதான் விஷயத்துக்கு வருவார். சில சமயம் விஷயத்துக்கு வருவதற்குள் சாப்பாடு வந்துவிடும்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சைரன் அடிச்சா மேட்டுக்குப் போகணும். சரி. ஆனா ஓடணும்னு சொல்றியே அலாபாதி, அதுதான் எனக்கு விளங்கல. பெரியவங்க உக்காந்திருக்கிற வீட்டு முன்னாடி ஒருத்தன் ஓடலாமா?"

"வெள்ளம் வரும்போது, ஐயா..."

"வெள்ளம் வந்தா மரியாதை போயிடுமா?"

பாதிரியாரும் இருந்தார். "அவசரமாப் போகலாம். ஆனா ஓடாம அவசரமாப் போகலாம்" என்று இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார்.

கடைசியில் சபை முடிவு செய்தது: சைரன் அடித்தால் எல்லாரும் மேட்டுக்குப் போக வேண்டும். யாரும் ஓடக் கூடாது. மதாய்கள் பட்ட வரிசைப்படி முன்னால் போவார்கள், மற்றவர்கள் பின்னால். அலாபாதிக்குப் பாதி சந்தோஷம். எப்படியோ, புள்ளி நகரும்.

ஃபிலோமெனாவின் மீதி ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாமென்று, தாமே ஒரு மத்தியானம் சைரன் பொத்தானை அமுக்கி ஊருக்குள் ஒத்திகை வைத்துப் பார்த்தார்.

ஊர் கிளம்பியது! உண்மையாகவே கிளம்பியது. வெளுத்த சட்டையும் இடுப்பில் லாவாலாவா வேட்டியுமாக மதாய்கள் முன்னால் நடந்தார்கள். ஊர்வலம் மேட்டுப் பாதையின் அடிவாரத்துக்கு வந்தது. அங்கே ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சின்ன வாசல். அங்கே நின்றது.

"தாங்கள் முதலில்" என்றார் லேவாசா, தோகியாவைப் பார்த்து. தோகியா ஊரின் உயர்ந்த பட்டக்காரர்.

"தங்கள் கோல் போகாத வழியில் என் கால் போகுமா? தாங்கள் முதலில்" என்றார் தோகியா.

அவ்வளவு பெரிய மரியாதைக்குப் பதில் சொல்லாமல் போனால் லேவாசா லேவாசா இல்லை. கோலை ஊன்றினார். சாமரத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பின்னால் நின்ற ஊர் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தது. பேச்சு தோகியாவின் கொள்ளுத் தாத்தாவை எட்டியபோது பெண்கள் கோகோ காய்ச்சிக்கொண்டு வந்தார்கள்.

"இப்ப வெள்ளம் வந்திருந்தா எங்க இருந்திருப்போம் தெரியுமா?" என்று அலாபாதி சினேவாவின் காதில் முணுமுணுத்தார்.

"கடல்ல" என்றாள் சினேவா. "ஆனா மரியாதையாப் போயிருப்போம்."

அன்று அலாபாதி சாப்பிடவில்லை. அவருக்காக எடுத்து வைத்த தேங்காய்ப்பால் ஊற்றிய கோகோ சோற்றைக்கூடத் தொடவில்லை. கடைசி ஒத்திகை நாளை மறுநாள். ஃபிலோமெனா மேட்டுக் கோயிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். சைரனை அப்பியாவிலிருந்தே அவள் அதிகாரி அடிப்பார். மத்தியானத்துக்கும் பொழுது சாய்வதற்கும் இடையில் எப்போது என்று ஃபிலோமெனாவுக்கே தெரியாது.

"அவங்களுக்கு என்ன வேணும்? ஜனங்க நகரணுமா, புள்ளி நகரணுமா?" என்று சினேவா கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? பில்லையெல்லாம் ஒரு கூடையில போட்டு யாராவது மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனா?"

அலாபாதி அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்துதான். நான் சொல்லல. சும்மா கேட்டேன்."

பாவம், அவர் ஒரு இரவு முழுக்கத் தம் மனசாட்சியோடு சண்டை போட்டார். சைரன் ஊரில் நிலைத்துவிட்டால் ஜனங்களுக்கு நிதானமாகக் கற்றுக்கொடுக்கலாம், சைரன் போய்விட்டால் எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டார். விடிவதற்குள் மனசாட்சி தூங்கிப்போயிற்று.

ஒத்திகையன்று காலையில் "பேட்டரி மாத்தணும்" என்று வீடு வீடாகப் போய்ப் பில்லைகளை வாங்கிவந்தார். கயிறுகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க சினேவா எல்லாவற்றையும் ஒரே நாரில் கோத்து மாலையாகக் கட்டினாள். கூடையில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் இருக்க மேலே எதையாவது போட்டு மூடிவிடு என்றார். சமையல் கொட்டகையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு சினேவா மூடினாள்.

சைரன் அடித்ததும் கூடையோடு தம் பிக்கப் வண்டியில் ஏறி, வண்டிப்பாதை வழியே கோயிலின் பின்பக்கம் போய் இறங்கிவிட வேண்டியது. அலாபாதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சைரனுக்குக் காத்திருந்தார். வெயில் ஏறி இறங்கியது. ஊர் தன் பாட்டுக்கு இருந்தது. எதிர்வீட்டில் லேவாசாவும் தோகியாவும் இன்னும் சில மதாய்களும் உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையிலிருந்து கடமுட என்று ஒரு சத்தம் வந்தது.

அலாபாதி உள்ளே எட்டிப் பார்த்தார். கூடை கவிழ்ந்து கிடந்தது. பன்றி வாயில் சேம்புத் தோல். கழுத்தில் மாலை. ஊரின் எல்லாக் குடும்பங்களும் அதன் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"கூடையை எதைப் போட்டு மூடின?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சேம்புத் தோல் போட்டு" என்றாள் சினேவா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"ச்சூ, ச்சூ, தங்கம், இங்க வாடா" என்று அலாபாதி கையை நீட்டினார். தங்கம் அவரை ஒரு பார்வை பார்த்தது. பின்வேலியைப் பிய்த்துக்கொண்டு வாழைத் தோப்புக்குள் பாய்ந்தது. எங்கே போகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பாதிரியாரின் சேம்பு வயலுக்கு. அதாவது, ஃபிலோமெனா உட்கார்ந்திருக்கும் கோயிலுக்கு நேர் எதிரே.

பன்றி கழுத்தில் பில்லைகளை அவள் பார்த்துவிட்டால்? ஏமாற்றுக்காரர் என்ற பெயர். சைரனும் போச்சு. மழைக்காலம் நெருங்கிவிட்டது. அலாபாதியின் கண்முன் மிதக்கும் மேஜை வந்தது.

லாவாலாவாவைத் தொடைக்குமேல் தூக்கிக் கட்டினார். செருப்பை உதறினார். பிக்கப் ஞாபகமே வரவில்லை. தெருவில் இறங்கி ஓடினார்.

பன்றி தோப்பு வழி போனது, அவர் தெரு வழி போனார். அந்த வழிதான் குறுக்கு. தொப்பை ஒரு தாளத்திலும் அவர் ஒரு தாளத்திலுமாக, காவா குடித்துக்கொண்டிருந்த மதாய்களின் முன்னால் குனியாமல், மன்னிப்புக் கேட்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். லேவாசாவின் கையிலிருந்த சிரட்டை அந்தரத்தில் நின்றது.

"அண்ணே! என்னண்ணே?" என்று தெருவோரம் உட்கார்ந்திருந்த சியாகி எழுந்தான். பதில் சொல்ல மூச்சு இல்லை. அலாபாதி மேட்டைப் பார்த்துக் கையை மட்டும் வீசிவிட்டு ஓடினார்.

பாதி மேடு ஏறியபோது காதுக்குள் 'ஓ' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஐயோ, சைரனும் அடித்துவிட்டது! இனி பில்லைகளை மீட்டு என்ன, மீட்காமல் என்ன. ஊர் வழக்கம்போல் ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கும், அல்லது பெருக்கிக்கொண்டிருக்கும். இருந்தாலும் கால்கள் நிற்கவில்லை. சத்தம் வரவரப் பெரிதாயிற்று.

உச்சிக்கு வந்து சேம்பு வயல் ஓரத்தில் பன்றியின் மேலேயே விழுந்தார். மாலையைக் கழற்றினார். நிமிர்வதற்குள் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். நம்ப முடியவில்லை.

வைதோலு ஓடி வந்துகொண்டிருந்தது. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாதர் சங்கத் தலைவி கையில் அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியோடு ஓடி வந்தாள். பாதிரியார் சட்டையில்லாமல் ஓடி வந்தார். நடக்க முடியாத கிழவரை சியாகி முதுகில் சுமந்து ஓடி வந்தான். வாசலில் யாரும் யாரையும் முதலில் போகச் சொல்லவில்லை. தோகியாவை லேவாசா முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு நுழைந்ததை ஊரே பார்த்தது. கோல் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

கடைசியாக வந்த சினேவா, ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, பில்லை மாலையைப் புல்லில் போட்டு அதன்மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலுக்குள் பாதிரியாரின் மனைவி இளைஞர்களுக்குப் பாட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு கோயிலே அதிர்ந்துகொண்டிருந்தது. ஊர் வந்து நின்றதும் பாட்டு பாதியில் நின்றது. ஃபிலோமெனா லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஐயா! எல்லாப் புள்ளியும் வந்துடுச்சு! ஒண்ணு விடாம! எல்லாம் ஒரே கூட்டமா, ஒட்டிக்கிட்டே வந்துச்சு, அப்படி ஒரு கட்டுப்பாடு! அப்பியாவுல கைதட்டியிருப்பாங்க!" அவள் கண் கலங்கியிருந்தது. "இந்தப் பாட்டுச் சத்தத்துல சைரன் அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லய்யா."

"எனக்குக் கேட்டுச்சு" என்றார் அலாபாதி, மூச்சு வாங்கிக்கொண்டே. "நல்லாக் கேட்டுச்சு."

"அம்மா, நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க, தலை எண்ணணும்" என்றாள் ஃபிலோமெனா சினேவாவிடம்.

"உக்காந்தாலும் எனக்கு ஒரு தலைதான்" என்றாள் சினேவா, அசையாமல்.

ஃபிலோமெனா எண்ணினாள். லேப்டாப்பில் புள்ளிக்குப் புள்ளி, வெளியே தலைக்குத் தலை. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லை. "சைரன் உங்க ஊருக்குத்தான்யா" என்றாள்.

அலாபாதி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஏமாற்ற நினைத்த தமக்கு முன்னால், ஏமாற்றாமலே ஜனங்கள் வந்து நின்றுவிட்டார்களே என்று அழுதார். இனி மழை பெய்தாலும் தூங்கலாம் என்று அழுதார். மச்சானுக்கு எப்போது போன் பண்ணலாம் என்ற நினைப்பும் நடுவில் வந்து போயிற்று.

அப்போது கீழே ஊரிலிருந்து, ஆற்றங்கரைக் கம்பத்திலிருந்து, சைரன் அடித்தது.

நீளமாக, தெளிவாக, மேடு முழுக்கக் கேட்கும்படி அடித்தது. கூட்டத்தில் அத்தனை பேரும் அப்படியே புல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். சட்டையில்லாத பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தார்.

ஃபிலோமெனா லேப்டாப்பைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். 'சைரன் இப்போது அடிக்கப்படுகிறது' என்று அப்பியாவிலிருந்து செய்தி வந்திருந்தது. அலாபாதி தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே இன்னும் 'ஓ' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆமென் சொல்லும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"சைரன் இப்பதானே அடிச்சுது! அப்ப நீங்கள்லாம் எதுக்கு ஓடி வந்தீங்க?" என்று கேட்டாள்.

எல்லாரும் லேவாசாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். பெண்கள் கால் நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். யாரோ கோகோவுக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். லேவாசா கோலைத் தேடினார், இல்லை. சாமரத்தைத் தேடினார், அதுவும் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எங்க அலாபாதி ஓடி இந்த ஊர் பார்த்ததே இல்ல, இன்னிக்கு ஓடினான், நாங்களும் ஓடினோம், இனிமே ஆத்துல தண்ணி ஏறினா அந்தப் பெட்டிங்க இவன் ஒருத்தன் காதுல சொன்னாப் போதும் பொண்ணு, எங்களுக்கு இவன் காலு சொல்லிடும்."